ஓலைக் கொட்டகையில் ஒரு தீவு: டீக்கி பாரும் திருச்சுழிச் சீமையும்

அமெரிக்காவில் பதின்மூன்று ஆண்டு மதுவிலக்கு 1933 டிசம்பர் 5ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதையொட்டித்தான் எர்னஸ்ட் ரேமண்ட் பூமாண்ட் காண்ட் என்ற ஊர்சுற்றி இளைஞர் ஹாலிவுட்டில் ஒரு சின்னக் கடையைத் திறந்தார். மூங்கில், பாய், கழித்துப்போட்ட மீன்வலை, கண்ணாடி மிதவை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுவரில் மாட்டினார். விஸ்கி ஊற ஆண்டுக்கணக்காகும். பதின்மூன்று வருஷம் ஆலை மூடிக் கிடந்த நாட்டில் நல்ல விஸ்கிக்கு எங்கே போவது? கரீபியன் தீவுகளில் ரம் மலிவாகக் கிடைத்தது. அதை எலுமிச்சைச் சாற்றோடும் பழச்சாற்றோடும் மசாலாப் பாகுகளோடும் நொறுக்கிய ஐஸில் கலந்து, தென்கடல் தீவின் பானம் என்று சொல்லி விற்றார். கடை 'டான் தி பீச்கோம்பர்' என்று பேர் வாங்கியது. அவரும் தம் பெயரை டான் பீச் என்றே மாற்றிக்கொண்டார்.

1934இல் ஓக்லண்டில் கடை திறந்த விக்டர் பெர்ஜெரான் இதைப் போய்ப் பார்த்துவிட்டு, தம் கடையையும் அதே சாயலுக்கு மாற்றி 'டிரேடர் விக்ஸ்' என்று பெயரிட்டார். 1944இல் அவர் கலந்த 'மாய் டாய்' இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. பசிபிக் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், 1947இல் கட்டுமரம் போன்ற மிதவையில் பெருவிலிருந்து பாலினேசியாவுக்குப் போய்ச் சேர்ந்த கோன்-டிக்கி பயணம், 1959இல் ஹவாய் ஒரு மாநிலமானது என்று ஒவ்வொன்றும் இந்த மோகத்துக்கு எண்ணெய் ஊற்றின. நடுத்தரக் குடும்பங்கள் வீட்டின் நிலவறையிலும் கொல்லையிலும் மூங்கில் மேடை போட்டு, மேலே ஓலை வேய்ந்து, டீக்கி எனப்படும் ஒரு மரப்பொம்மையை நிறுத்தி, அக்கம்பக்கத்தாரை அழைத்து ஊற்றிக் கொடுத்தன. வீட்டு டீக்கி பார் பிறந்தது இப்படித்தான். 1970களில் அது மங்கியது. 1990களில் பழைய கோப்பைகளைத் தேடிச் சேர்க்கிறவர்களாலும் மறைந்துபோன கலவைகளைத் துப்பறிந்து மீட்டவர்களாலும் மீண்டும் உயிர்பெற்றது.

இப்படியொரு கடை பசிபிக்கின் எந்தத் தீவிலும் இருந்ததில்லை. சாராயம் கரீபியனுடையது, தொட்டுக்கொள்ளக் கொடுத்தது கன்டோனியச் சீனப் பதார்த்தம், சிலைகள் நியூசிலாந்து மாவோரி, ஹவாய், மார்க்கெசாஸ் என்று பல இடத்துச் சாயல், வாசித்தது ஜாஸ். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இத்தனையையும் சேர்த்துக் கட்டியது ஓலைக்கூரைதான். அதற்குள் நுழைந்தவருக்கு வெளியே இருக்கிற தெரு மறந்துபோகும். டான் பீச் விற்றதே அதைத்தான்.

இதை அருப்புக்கோட்டையில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில் அருப்புக்கோட்டை தாண்டி, பந்தல்குடி, எட்டயபுரம் என்று போகும்போது கோடையில் சாலையோரம் வரிசையாக ஓலைக் கொட்டகைகள் தென்படும். நாலு கம்பு, மேலே பனையோலை, உள்ளே பதநீர்ப் பானை, ஓரமாக நுங்குக் குலை. ஓலையை மடித்து, நுனியைக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கைத் தோண்டிப் போட்டு, மாங்காய்க் கீற்று இரண்டு மிதக்கவிட்டுக் கொடுப்பார்கள். கையிரண்டாலும் பட்டையைப் பிடித்து வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். பாதி குடிப்பதற்குள், "இன்னுங்கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணே?" என்ற குரல் வந்துவிடும். ஓலைக்கூரை, மரத்திலிருந்து வந்த பானம், பழம், ஊருக்கே உரிய கோப்பை. டான் பீச் கற்பனையில் கட்டியது எல்லாம் இங்கே வெயிலுக்கு ஒதுங்குகிற இடமாகச் சாதாரணமாக நிற்கிறது. காசு கொடுத்து மூங்கில் வாங்கி, பிளாஸ்டிக் ஓலையை இணையத்தில் வரவழைத்து மொட்டைமாடியில் 'ஹவாய்' கட்ட நினைக்கிற நம்மூர் இளைஞர், முதலில் இந்தச் சாலையில் ஒருமுறை வண்டியை நிறுத்துவது நல்லது.

ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. அங்கே ஓலை ஒரு வேடம். இங்கே ஓலைக்குச் சட்டமும் சாதியும் கூலியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அருப்புக்கோட்டை வீட்டில் இப்படி ஒரு கொட்டகை போடலாமா, எதைக்கொண்டு போடுவது, உள்ளே எதை ஊற்றுவது என்று கேட்டால், இவை மூன்றையும் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்ட நாலாவது ஆண்டில், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி ஆட்சி அதை நிறுத்திவைத்து, சில ஆண்டுகளில் மீண்டும் கொண்டுவந்தது. 1977 தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதல்வர் ஆனவர் எம்.ஜி.ஆர். அவருடைய ஆட்சியில்தான் 1981இல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன, 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 1987 ஜனவரியிலிருந்து அந்தக் கடைகள் மூடப்பட்டன. சாராயம் 1990இல் சிறிது காலம் திரும்பி வந்து போனது. கள் திரும்பவே இல்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. ஆக, அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழிச் சீமையில் ஒருவர் தம் தோட்டத்துப் பனையில் கள் இறக்கச் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டினால் குற்றம். அதே ஆள் ஊர் முக்கில் ஆலைச் சரக்கு வாங்கினால் சட்டப்படி சரி. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தூத்துக்குடி மாவட்டத்தில் பனையேறிக் கள் இறக்கிப் போராடியபோது பேசியது இந்த முரணைத்தான். அவருடைய அரசியல் எதுவாக இருந்தாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வீட்டில் பார் வைக்க நினைக்கிறவருக்கு இதில் நடைமுறைச் செய்தி சில உண்டு. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு வகைவாரியாக வரம்பு உண்டு. விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்கினால் அது உரிமம் இல்லாத விற்பனை. காய்ச்சுவது, கள் இறக்குவது இரண்டும் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 'தெரிந்த ஆள் காய்ச்சியது' என்ற நம்பிக்கைக்கு அதற்குமேல் ஒரு பதில் தேவையில்லை.

சாதி இதைவிட ஆழமாகப் போகிறது. அருப்புக்கோட்டையும் அதையொட்டிய பாளையம்பட்டியும், சிவகாசி, விருதுநகர், திருமங்கலம் போன்றவற்றோடு சேர்த்து நாடார் வணிகர்களின் பழைய பேட்டை ஊர்களில் எண்ணப்படுபவை. தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் மாட்டுவண்டியில் ஏற்றிவந்து விற்று, உறவின்முறை கட்டி, மகமை திரட்டிப் பள்ளிக்கூடம் வைத்து முன்னேறியவர்கள். பனையேறிய குலம் என்பதாலேயே அவர்களுக்குக் கோயில் கதவு அடைக்கப்பட்டது. திருச்சுழிக்குத் தெற்கே இருக்கிற கமுதியில் 1897இல் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்ததற்காக நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். அந்த ஏச்சைக் கழுவ வேண்டியே பேட்டை வணிகர்கள் கள்ளிலிருந்தும் பனையேற்றத்திலிருந்தும் தங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். இன்றும் சில வீட்டுப் பெரியவர்கள் கள்ளுக் கலயத்தை வரவேற்பறை அலங்காரமாக மாட்டச் சம்மதிக்க மாட்டார்கள். பேரன் அதைக் 'கிராமிய அழகு' என்பான். தாத்தாவுக்கு அது வேறொன்றை ஞாபகப்படுத்தும். டீக்கி பார் கட்டுகிற அமெரிக்கனுக்கு ஓலையோடு இப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. அவனுடைய தாத்தாவை யாரும் ஓலையின் பேரால் ஒதுக்கவில்லை.

இதன் மறுபக்கம்தான் அந்தச் சிலைகள். டீக்கி என்று அங்கே கோப்பையாகவும் தூணாகவும் செதுக்குவது மாவோரி மரபில் முதல் மனிதனோடும் முன்னோரோடும் தொடர்புள்ள உருவம். அதன் மண்டையைக் குடைந்து ரம் ஊற்றிக் குடிப்பது அந்த மக்களுக்குச் சுகமாக இருக்காது. இதைப் பற்றிப் பசிபிக் மக்கள் பேசத் தொடங்கிய பிறகு, இந்தக் காலத்து டீக்கி பார்கள் சில சிலையை விட்டுவிட்டு ஓலையையும் கலவையையும் மட்டும் வைத்துக்கொள்கின்றன. நம் ஊரில் இது எளிதாகவே புரியும். கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கிற நாடு இது. அவர்கள் குடிக்கிற சாமிகள்தாம். ஆனாலும் மீசை முறுக்கிய கருப்பசாமி முகத்தைக் கோப்பையாகச் செய்து மாடியில் வைத்து மாய் டாய் ஊற்ற யாருக்காவது மனம் வருமா? வந்தாலும் வீட்டம்மா விடமாட்டார். அதே மரியாதை கடலுக்கு அப்பால் இருக்கிற முன்னோருக்கும் உரியது என்பது என் எண்ணம். மானாமதுரை வேளார்கள் வனைகிற கலயமும் குவளையும் இருக்கும்போது சிலைமுகக் கோப்பைக்குத் தேவையும் இல்லை.

உண்மையான பசிபிக் தீவில் தமிழர்கள் போய்ச் சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதும் இந்தக் கேள்விக்குள் வருகிறது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1926இல் அங்கே சன்மார்க்க சங்கம் வைத்துப் பள்ளிகள் நடத்தினார்கள். அவர்களும் மற்ற இந்தியர்களும் அந்தத் தீவுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் யாங்கோனா. காவா என்ற செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடித்தால் சேற்றுநிறத்தில் ஒரு பானம் கிடைக்கும். அதில் சாராயச் சத்து கிடையாது. குடித்தால் நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும். பாயில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் மரத்தொட்டி வைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஒவ்வொருவராக வாங்கிக் குடித்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஹாலிவுட்டின் தென்கடல் பானத்துக்கும் தென்கடலின் சொந்தப் பானத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஹாலிவுட் பானம் இனிப்பு, புளிப்பு, ஐஸ், நெருப்பு என்று தடபுடலாக வரும். யாங்கோனா பச்சையான கசப்போடு மெல்ல இறங்கும். கூலிக்குப் போனவர்கள் தங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஏற்றுக்கொண்டது இரண்டாவதை.

அந்த ஹாலிவுட் கலவையின் தாத்தாவைத் தேடினால் நம் கடற்கரைக்கே வர வேண்டியிருக்கிறது. டான் பீச்சின் பானங்கள் கரீபியன் தோட்டக்காரர்களின் 'பஞ்ச்' பானத்திலிருந்து வந்தவை. 'பஞ்ச்' என்ற கலவையைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1632இல் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர் ஒருவரின் கடிதத்தில் இருக்கிறது. கப்பலில் வந்த பீரும் ஒயினும் இந்த வெயிலில் கெட்டுப்போக, கும்பினியாட்கள் உள்ளூர்ச் சாராயத்தில் எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலாப்பொடி கலந்து குடிக்கப் பழகினார்கள். அது லண்டனுக்குப் போய், அங்கிருந்து கரீபியனுக்குப் போய் ரம்மோடு சேர்ந்து, மூன்று நூற்றாண்டு கழித்துக் கலிபோர்னியாவில் தீவுப் பானம் என்று வேடம் போட்டது. கரீபியனில் அதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சாராயம் மூன்று, தண்ணீரோ ஐஸோ நான்கு. இதில் மூன்றாவதை எடுத்துவிட்டுப் பாருங்கள். எலுமிச்சை, கருப்பட்டி, தண்ணீர், சுக்கு, ஏலம். பங்குனிப் பொங்கலுக்கும் ராமநவமிக்கும் நாம் கரைக்கிற பானகம் அது.

அதனால்தான் அருப்புக்கோட்டைக் கொட்டகையின் முதல் பானமாகப் பானகத்தை வைக்கச் சொல்வேன். நாலு பேருக்கு நூறு கிராம் கருப்பட்டி போதும். தட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டியே ஆக வேண்டும், கருப்பட்டியில் மண்ணும் சாம்பலும் இல்லாமல் இருக்காது. நாலு டம்ளர் தண்ணீர், இரண்டு எலுமிச்சை, அரைக் கரண்டி சுக்குப் பொடி, நாலு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மண்பானையில் ஒரு மணி நேரம் இருந்தால் சுக்கு இறங்கும். சாயல்குடி, வேம்பார்ப் பக்கத்துக் கருப்பட்டி நமக்கு எட்டுகிற தூரம். ஆனால் சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையப் புழங்குகிறது. வெளுப்பாக, பளபளவென்று, கல்லுப்போல் இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், தெரிந்த இடத்தில் வாங்குவது நல்லது. வெள்ளைச் சீனியில் போட்ட பானகத்துக்கு இனிப்பு மட்டும்தான் இருக்கும். கருப்பட்டியில் ஒரு புகைவாசமும் லேசான கசப்பும் உண்டு. ரம்முக்காக டீக்கிக்காரர்கள் அலைகிற அந்தக் கருகல் மணம் இங்கே சாராயம் இல்லாமலே கிடைக்கிறது.

இரண்டாவது பதநீர். இதில் அவசரம் தேவை. பனையேறி விடியுமுன் ஏறி இறக்கியதை அன்று காலையிலேயே வாங்கி, வடித்து, குளிரில் வைத்து, அன்றே தீர்த்துவிட வேண்டும். கலயத்தின் உள்பக்கம் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. வெயில் ஏற ஏற அந்தப் பிடி தளரும். பாக்கெட்டில் நாள்கணக்கில் வைத்து விற்பது வேறு சமாச்சாரம். பதநீரில் எதையும் கலக்க வேண்டாம் என்பது என் கட்சி. நுங்கு, மாங்காய், அவ்வளவுதான். இதில் ரம் ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டு. பதநீரும் கெட்டு, ரம்மும் கெட்டு, இரண்டுக்கும் மரியாதை இல்லாமல் போகும்.

மூன்றாவது வரிசை சர்பத்தும் சோடாவும். நன்னாரிப் பாகு, எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, மேலே கோலி சோடா. டீக்கிக்காரர்கள் பாதாமிலும் கிராம்பிலும் இஞ்சியிலும் பாகு காய்ச்சி, அதன் பக்குவத்தை வேலைக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். டான் பீச் தம் புட்டிகளில் பெயரே எழுதாமல் எண் மட்டும் ஒட்டிவைப்பாராம். கலக்குகிற ஆளுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நம் ஜிகர்தண்டாக் கடைகளும் பக்குவத்தை வெளியே விடுவதில்லை, அந்த வகையில் மதுரைக்கும் ஹாலிவுட்டுக்கும் அதிக தூரமில்லை. சோடா விஷயத்தில் இந்த மாவட்டத்துக்குப் பெருமையே உண்டு. காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கியது. அதன் பொவண்டோவில் எலுமிச்சை பிழிந்து, கருமிளகுத் தூள் தூவி, நிறைய ஐஸ் போட்டுக் கொடுங்கள். வந்தவர் கலவையைப் பற்றிக் கேட்பார்.

குடிக்கிறவர் வந்தால்? வருவார்தான், மூடி மறைக்க ஒன்றுமில்லை. பானகமும் ரம்மும் ஒன்றுக்கொன்று பழைய சொந்தம், முப்பது மில்லி அதில் கரைந்து நிற்கும். ஆனால் இனிப்பும் ஐஸும் சாராயத்தின் காரத்தை மறைத்துவிடும். ஆள் அளவு தெரியாமல் இறக்கிவிடுவார். டான் பீச்சின் 'ஸோம்பி' என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டு கோப்பைக்கு மேல் அவர் கொடுத்ததே இல்லை. அந்த விதியை எழுதி மாட்டுவது விளம்பரத் தந்திரமாகவும் இருந்தது, பிழைப்புக்கான புத்தியாகவும் இருந்தது. மாடியில் கொட்டகை, கீழே இறங்கக் கைப்பிடி இல்லாத படி என்று கட்டியிருக்கிற வீடுகளில் அந்த விதி கட்டாயம் வேண்டும். வண்டியில் வந்தவரைத் திரும்ப வண்டியில் அனுப்பாத பொறுப்பும் ஊற்றியவருடையது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஆண்கள் குடிப்பது கடை பாரில், கண்மாய்க்கரையில், பம்புசெட் பக்கத்தில், கருவேலங்காட்டு மறைவில். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது ஒரு கட்டுப்பாடாக நிற்கிறது. அதில் பாசாங்கு உண்டு, ஆனால் பெண்களும் பிள்ளைகளும் அதனால் அடைகிற நிம்மதியும் உண்டு. குடியால் அழிந்த குடும்பம் இல்லாத தெரு இங்கே குறைவு. அந்தக் கட்டுப்பாட்டை நாகரிகத்தின் பேரால் உடைத்து, சம்பளத்தின் பாதியை மாடிக்கே இடம் மாற்றுவதை முன்னேற்றம் என்று நான் எண்ணவில்லை. டீக்கி பாரின் நல்ல பகுதி, விருந்தினரை உட்காரவைத்துக் கையால் கலந்து கொடுக்கிற உபசாரம். அது ஆத்தாவும் அத்தையும் பேத்தியும் வந்து உட்காரக்கூடிய கொட்டகையாக இருந்தால்தான் நடக்கும். கலக்குகிற வேலையை, டம்ளர் கழுவுகிற வேலையோடு சேர்த்து, வீட்டு ஆண்பிள்ளை எடுத்துக்கொள்வதும் நல்லது.

இந்த உபசாரத்துக்கு நமக்கு முன்மாதிரி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கோடையில் வழிப்போக்கருக்காக ஓலைப்பந்தல் போட்டுத் தண்ணீர் வைப்பது நம்மிடம் பழைய தர்மம். திங்களூர் அப்பூதியடிகள் தாம் நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. அருப்புக்கோட்டையில் சித்திரை பிறந்தால் உறவின்முறைகளும் கட்சிக்காரர்களும் ரசிகர் மன்றத்தாரும் போட்டி போட்டு நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். முதல் வாரத்துக்குப் பிறகு பேனர் மட்டும் மிஞ்சுவது தனிக்கதை. யாழ்ப்பாணத்தில் கள்ளுக்குச் சட்டத்தின் தடை இல்லை என்பதால், ஓலை வேய்ந்த தவறணைகள் என்ற கள்ளுக்கடைகளும், பனையோலையில் மடித்த பிளா என்ற குடிகலமும் அண்மைக்காலம் வரை புழக்கத்தில் இருந்தன. நாம் பதநீருக்கு மடிக்கிற பட்டைக்கு அது நேர் உடன்பிறப்பு.

இனிக் கட்டுமானம். மொட்டைமாடியில் போடுவதா, முற்றத்தில் போடுவதா என்றால், இடமிருந்தால் தரையில் வேப்பமரத்து நிழலை ஒட்டிப் போடுவதே மேல். மாடியில் வெக்கை கீழிருந்தும் வரும், ஆடிக்காற்று ஓலையைப் பிய்த்து அடுத்த தெருவில் போடும். கால்களுக்கு மூங்கிலைவிட வைரம் பாய்ந்த பனங்கட்டை நீண்டகாலம் நிற்கும், கரையான் எளிதில் தொடாது. அதற்காக நிற்கிற பனையை வெட்டக் கிளம்ப வேண்டாம். பனை நம் மாநில மரம், அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது. பழைய ஓட்டுவீடுகளைப் பிரிக்கிற இடத்தில் பனங்கைகள் கிடைக்கும். அவை பல பத்தாண்டு வெயிலும் புகையும் பார்த்துக் கறுத்தவை, புதுக்கட்டையைவிட நல்லவை. கூரைக்குத் தென்னங்கீற்றைவிடப் பனையோலை கூடுதலாகத் தாங்கும். தாழ்வாக வேய வேண்டும், உள்ளே வருகிறவர் லேசாகக் குனிய வேண்டும். மேற்கு வெயில் விழுகிற பக்கம் ஓலைத்தட்டி ஒன்று. அப்போதுதான் மதியம் மூன்று மணிக்கும் உள்ளே ஒரு மங்கல் இருக்கும். டீக்கி பாரின் ரகசியமே சன்னல் இல்லாத அந்த அரையிருட்டு.

தீ விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கூரைக்குப் பிடித்த தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். ஓலைக்கூரை என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் அந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. டீக்கி பார்களில் பானத்தின்மேல் நெருப்புக் கொளுத்துகிற வித்தை உண்டு, நம் கொட்டகையில் அது அறவே வேண்டாம். அரிக்கேன் விளக்கு, ஊதுவத்தி, சிகரெட், தீபாவளி ராக்கெட் எதுவும் ஓலைப் பக்கம் வரக் கூடாது. குறைந்த வாட்ஸ் எல்.இ.டி. விளக்கு, தரமான ஒயர், வீட்டுச் சுவரிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் நல்ல இடைவெளி, கையெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். கொட்டகைக்கு இரண்டு பக்கமும் வெளியேற வழி இருக்கட்டும்.

அலங்காரத்துக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹவாயில் வந்தவர் கழுத்தில் பூமாலை போடுவார்கள் என்று டீக்கிக்காரர்கள் காகிதப்பூ மாலையைக்கூட விட்டுவைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் மல்லிகைக்கா பஞ்சம்? சந்தனமும் பன்னீரும் கற்கண்டும் வைத்த தட்டு ஒன்று வாசலில் இருந்தால் முடிந்தது. உட்கார நார்க்கட்டில், மேலே இந்த ஊர்த் தறியில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி. பெரிய பூப்போட்ட ஹவாய்ச் சட்டையைவிட வேட்டியும் துண்டும் இந்த வெக்கைக்கு உகந்தது. டீக்கி பார் சங்கீதம் என்றால், 1959இல் மார்ட்டின் டென்னியின் குழு ஒரு மெட்டை அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கியது. வாத்தியக்காரர்களே இடையிடையே காட்டுப் பறவைகள்போலக் கத்துவார்கள். திருச்சுழிப் பக்கம் அந்தச் செலவு மிச்சம், குண்டாற்றங்கரை மயில்கள் சாயங்காலம் கூலி கேட்காமல் கத்துகின்றன.

தொட்டுக்கொள்ளச் சாத்தூர்க் காரச்சேவு. பதநீருக்கு அது ஒத்துவராது, சோடாவுக்கும் மோருக்கும் ஒத்துவரும்.

மிச்சமிருப்பது கூலி. இந்தக் கொட்டகையில் இருக்கிற ஓலை, நார், கட்டை, பதநீர், கருப்பட்டி எல்லாமே பனையேறி ஒருவரின் கையிலிருந்து வருகிறது. பாளையைக் கடிப்பால் நசுக்கி, பாளை அரிவாளால் சீவி, கலயம் மாற்ற ஒரே மரத்தில் நாளைக்கு இரண்டு மூன்று முறை ஏற வேண்டும். தளைநாரும் முருக்குத்தடியும்தான் துணை. விழுந்தால் பிழைப்பது அரிது, பிழைத்தாலும் இடுப்பு மிஞ்சாது. பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு விடமாட்டேன் என்று அவர்கள் சொல்வதில் குறைகாண எதுவுமில்லை. ஆள் குறையக் குறைய, நிற்கிற பனைகளிலும் பாதி சீண்டுவாரில்லாமல் நிற்கின்றன. பதநீர் விலை ஏறியிருக்கிறது என்று சாலையோரக் கொட்டகையில் பேரம் பேசுகிறவர், அதே நாள் மாலை மதுரை மாலில் ஒரு குளிர்ந்த காப்பிக்கு அதைப்போலப் பல மடங்கு வாய்பேசாமல் கொடுப்பார். வீட்டில் ஓலைக் கொட்டகை வைக்கிறவர் ஒரு பனையேறியைப் பருவம் முழுக்கப் பேசிவைத்து, முன்பணம் கொடுத்து, அவர் சொன்ன விலைக்கே வாங்குவாரானால், அந்தக் கொட்டகைக்கு ஊரில் ஓர் உபயோகம் இருக்கும்.

பதநீர்ப் பருவம் மாசிக் கடைசியில் தொடங்கி ஆனியோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு பானகம், நன்னாரி, மோர். ஐப்பசி மழையில் ஓலை ஒழுகும்போது கொட்டகையை மூடிவைத்துவிட்டு, தையில் பனங்கிழங்கு அவித்துத் தின்னத் திறந்தால் போதும். ஓலை மாற்றுவதென்றால் தை முடியுமுன்னே ஆளைப் பார்த்துச் சொல்லிவைக்க வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் வேயத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் திருவிழாப் பந்தலில் இருப்பார்கள், மீதிப்பேர் மரத்தில் இருப்பார்கள்.